அசேராவை உடைத்த நாள்

1

வாற்கோதுமை அறுப்பின் மூன்றாம் நாள், சூரியன் உச்சிக்கு வரும் முன், என் மனைவி கும்பிட்ட மண் தெய்வத்தை உடைத்தேன். இந்தக் கதை அங்கிருந்து வருகிறது. உடைத்ததற்காக வெட்கப்படுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்கம் பின்னால் வருகிறது.

நான் ஊர்வாசலில் பிறருக்கு எழுதிக் கொடுப்பவன். உடைந்த பானையின் ஓட்டுச் சில்லில் மையால் எழுதுகிறேன். பிடிக்காததை ஈர விரலால் அழித்துவிடலாம். இதில் எதையும் அழிப்பதில்லை.

2

முதல் தொடக்கம்: "யூதாவில் ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்த ஒரு மனிதன் இருந்தான். அவன்

நிறுத்திவிட்டேன். அவனை எனக்குத் தெரியாது.

இன்னொன்று: "அரசனின் ஆட்கள் வாளோடு என் வீட்டுக்குள்

யாரும் நுழையவில்லை. ஊர்வாசலுக்கு வந்து ஆணையை என்னிடம் நீட்டினார்கள். நிழலில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றார்கள். வாசித்தவன் நான். ஆண்டவர் ஒருவரையே வணங்க வேண்டும். வீட்டிலுள்ள மண் உருவங்களை இங்கே கொண்டுவந்து உடைக்க வேண்டும்.

"மாமியாரையும் கொண்டாரலாமாய்யா?" என்றாள் ஒருத்தி.

குயவன் மல்கியா என் பக்கம் திரும்பினான். "என்ன எழுத்துக்காரரே, ஊருக்கெல்லாம் வாசிச்சீரு. உம்ம வீட்டு அசேரா இன்னும் வரலியே? சுட்டுக் கொடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு நடந்தேன்.

(கீழ்ப்படிதல் என்று பிறகு நான் சொல்லிக்கொண்டது இந்த நடையைத்தான்.)

3

சிபியாளுக்கு ஒன்பதாம் மாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த அன்றே போய்விட்டன. இதுவாவது தங்க வேண்டும் என்று வாங்கிவந்தாள். சாண் உயரம், இரு கைகளாலும் மார்பைத் தாங்கி நிற்கும் அசேரா, பிள்ளைப்பேற்றைக் காக்கும் தாய்த்தெய்வம். நான் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"பிறக்கிற வரைக்கும் இருக்கட்டுங்க. அப்புறம் நானே உடைச்சிடறேன்."

"ஆண்டவர் ஒருத்தரைத்தான் கூப்பிடணும்."

"வலி எனக்குங்க."

"வலியிலயும் அவரையே கூப்பிடு."

இந்த இடத்தில் அவளை அழவைத்து எழுதிப் பார்த்தேன். அவள் அழவில்லை. அவளே துணியில் சுற்றி, தலையைத் தாங்கி, என் கையில் கொடுத்தாள்.

(தலையைத் தாங்கி என்பது எனக்குச் சாதகமாக இல்லை. இருக்கட்டும்.)

ஊர்வாசலில், எல்லோரும் பார்க்க, ஓங்கி அடித்தேன். தலை தனியே உருண்டது.

"நல்லாச் சுட்ட மண்ணு. மூக்குகூட உடையல, பாரும்" என்றான் மல்கியா.

4

ஆறு நாள் கழித்து விடியலில் வலி கண்டது. மருத்துவச்சி அத்தாராள் என்னை வெளியே தள்ளினாள்.

"போய் நில்லும். ஆணை வாசிக்கிற வாய்க்கு இங்க வேலையில்ல."

உச்சி கடந்தது. சிபியாளின் அலறல் திடீரென்று நின்றது. அந்த அமைதியில் நான் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு

நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் இந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது.

பிறகு ஒரு குழந்தையின் குரல். பெண். தங்கிவிட்டாள்.

5

முடிவுகள் இரண்டு உண்டு. அரண்மனை கேட்டால், கீழ்ப்படிந்தவனுக்கு ஆண்டவர் பிள்ளை கொடுத்தார் என்று எழுதுவேன். மல்கியா கேட்டால், உடைந்த பிறகும் அவள் காப்பாற்றினாள் என்று எழுதுவேன். வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் இரண்டும் இல்லை. வழக்கப்படி பிள்ளைக்கு உப்புத் தேய்த்துத் துணி சுற்றியபின், என் முகத்தைப் பார்க்காமல் சிபியாள் கேட்டது மட்டும் இருக்கிறது.

"நீங்க சொன்னபடி நான் ஆண்டவரை மட்டுந்தான் கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு 'அசேரா, அசேரா'ன்னு கதறினது யாருங்க?"