முத்தாயம்மாள் மூன்று நாள் சிரித்த கதை

பனமரத்துப்பட்டிப் பக்கத்துப் பால் குழுவில் தண்ணீர் கலந்த பாலைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பாலில் மிதக்கவிட்டு அளவு பார்க்கும் லாக்டோமீட்டர். இன்னொன்று, அளவு மேசையில் உட்கார்ந்திருக்கும் முத்தாயம்மாளின் முகம். ஒரு பிடி சர்க்கரை போட்டு லாக்டோமீட்டரை ஏமாற்றியவர்கள் உண்டு. முகத்தை ஏமாற்றியவர் எவருமில்லை.

அந்த முகத்தில் அப்படியொன்றும் விசேஷம் கிடையாது. புருவம் இரண்டும் மூக்குக்கு மேலே கூடிப் பஞ்சாயத்துப் பேசும். கீழுதடு தீர்ப்புச் சொல்லத் தயாராக முன்னால் நிற்கும். பிறவி அமைப்பு. உள்ளுக்குள் அவள் தவிட்டு மூட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பாள். எதிரே கேனோடு நிற்பவருக்கோ போன வருஷம் கலந்த தண்ணீர்கூட ஞாபகம் வந்துவிடும். அவள் மேசையில் உட்கார்ந்த பதினாறு வருஷத்தில், குளிரூட்டும் நிலையத்துக்குப் போன குழுவின் பால் ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வத்தை அவள் மறைத்ததும் இல்லை.

இந்த வருஷம் குழுத் தலைவர் தேர்தலில் நின்றாள். எதிரே தனபால். அவர் பேனரில் கும்பிட்டுச் சிரித்தார், டீக்கடையில் சிரித்தார், பழக்கதோஷத்தில் எழவு வீட்டிலும் சிரித்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முத்தாயம்மாளின் மகன் இளவழகனுக்குப் பயம் வந்துவிட்டது. சேலத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலை அவனுக்கு. மனிதர்களை முகத்தை வைத்தே எடைபோடுவதில் சர்டிபிகேட் வாங்கியவன். அம்மாவைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தான். மேல்வரிசையில் ஆறு பல் தெரிந்தால் போதும் என்று முடிவாயிற்று.

முதல் நாள் சிரித்தாள். கேனை இறக்கிவைத்த சென்றாயன், உடம்புக்குச் சரியில்லையா என்று விசாரித்தான். இரண்டாம் நாள், அக்காளுக்கு இப்போது ஓட்டு வேண்டும், எதையும் கண்டுகொள்ள மாட்டாள் என்று வரிசையில் பேச்சு ஓடியது. மூன்றாம் நாள் குளிரூட்டும் நிலையத்திலிருந்து பால் வண்டி நிறைந்த கேன்களோடு அப்படியே திரும்பி வந்தது. தனபால் சிரித்த முகத்தோடு வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

சிரிப்பு இன்னும் கண்ணுக்கு ஏறவில்லை, மேலும் இரண்டு வகுப்பு வேண்டும் என்றான் இளவழகன்.

“உன்ற சிரிப்பால ஊரே சிரிச்சுப் போச்சு கண்ணு” என்றாள் அவள். “இந்த மூஞ்சிய வெச்சுட்டுத்தான் உன்னயப் படிக்க வெச்சேன். இதுல ஒரு கோளாறும் இல்ல சாமி.”

மறுநாள் தேர்தல். பால் ஊற்றிவிட்டு ஓட்டுப் போட வேண்டும். முத்தாயம்மாள் சொந்த முகத்தோடு மேசையில் உட்கார்ந்தாள். வரிசை தானாக நேரானது. மூன்று பேருக்கு வீட்டில் ஏதோ மறந்தது ஞாபகம் வந்து, கேனோடு திரும்பிப் போனார்கள்.

தனபால் முறை வந்தது. கேனை வைத்துவிட்டு, பேனரில் இருந்த அதே சிரிப்பைச் சிரித்தார். அவள் மூடியைத் தொடவில்லை. கன்றுக்குட்டியைக் கட்டினோமா, இல்லையா என்று யோசித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனபாலின் சிரிப்பு முதலில் இடது பக்கம் சரிந்தது. பிறகு வலது பக்கமும் இறங்கியது.

“ஏனுங்க்கா அப்படிப் பாக்கறீங்க? ஊட்டுல தெரியாம ஒரு சொம்பு ஊத்திப்புட்டாங்க...”

“நான் ஒண்ணுமே கேக்கலீங்களே.”

வரிசை மொத்தமும் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மதியம் எண்ணி முடித்தபோது தனபாலுக்கு அவருடைய ஓட்டுகூட விழவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பெட்டி இருந்தது அவள் பார்வைக்கு நேர் எதிரே.

மாலை போட்டு, ஏற்புரை கேட்டார்கள். முத்தாயம்மாள் எழுந்து நின்று, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். நிறையப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

“நாளைக்கு ஆறு மணிக்குப் பாலோட வந்துருங்க” என்றாள்.