இனி பயமில்லை என்று ஒரு கடிதம்

பையில் நாலு பவுண்டு சுத்தியல் இருந்தது. அதைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டுதான் கவுன்சலிங் சென்டரில் கொடுத்த ஃபாரத்தை நிரப்பினேன்.

கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டர் நான். ஃபாரம் நிரப்புகிற ஆள் இல்லை. மொத்தம் நாலு பக்கம். தூக்கம் வருகிறதா, குடிப்பது உண்டா, என்னென்ன மாத்திரை என்று சொந்த மாமியார்கூடக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டிருந்தார்கள். 'பிறரைக் காயப்படுத்தும் எண்ணம் உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று அழுத்தி டிக் அடித்தேன். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. வரவேற்பில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். என் மனைவி ஒன்பது நாளாக அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நூறு தடவை போன் செய்த பிறகு ஒரு செய்தி அனுப்பினாள்: "கவுன்சலிங் போங்க. இனி பயமில்லைன்னு அவங்க எழுதிக் குடுத்தா வரேன்." லாரியைச் சோதனைக்குக் கொண்டுபோகிற மாதிரிதானே, ஒரு தரம் ஓட்டிக் காட்டினால் முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடிதம் கிடைத்தால் முன்வாசல். கிடைக்காவிட்டால் சுத்தியலோடு பின்வாசல். மச்சான் வேலை முடிந்து பன்னிரண்டரைக்கு வருவான். செருப்பைக் கழற்றக் குனிவான். மண்டையில் ஒரே போடு. அதற்குமேல் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்தால் அந்த இடத்துக்கு எதற்கு வருகிறேன்?

அவன்மேல் ஆத்திரம் சும்மா வரவில்லை. போன வாரம் என் பட்டறைக்கே வந்து, என்கிட்ட வேலை செய்கிற நாலு பேர் பார்க்க, என் கம்பியையே எடுத்து என் வாயில் அடித்தான். முன்பல் ஒன்று போய்விட்டது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டு தரையில் கிடந்தவனை விலாவில் இரண்டு மிதி மிதித்தான். "இனிமே அவ இருக்கிற பக்கம் தலைவெச்சுப் படுத்தே, கொன்னுடுவேன்" என்றான். என் ஆட்களில் ஒருத்தன்கூட நகரவில்லை. அது பல் போனதைவிட வலித்தது.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே இரண்டு நாற்காலி, நடுவில் சின்ன மேஜை, அதன்மேல் கண்ணாடிக் கூஜாவில் தண்ணீர், ஒரு பெட்டி டிஷ்யூ. அழ வைத்துத்தான் அனுப்புவார்கள் போலிருக்கிறது. ஜன்னல் கிரில்லில் எவனோ வெல்டிங்கைத் தேய்க்காமலே பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தான். கவுன்சலர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கதவை ஒட்டிய நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலோரம் எனக்குக் காட்டினார். விவரமானவர்தான்.

"ஐம்பது நிமிஷம் பேசுவோம். நான் புத்திமதி சொல்லமாட்டேன், கேப்பேன். நீங்க பேசறது இந்த ரூமைத் தாண்டாது. உங்க மனைவியே வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன். ஒண்ணே ஒண்ணு தவிர" என்றார்.

"என்ன அது?"

"நீங்க உங்களையோ வேற யாரையோ காயப்படுத்தப் போறீங்கன்னு தெரிஞ்சா, நான் கையைக் கட்டிக்கிட்டு இருக்கமாட்டேன். சொல்லவேண்டியவங்ககிட்ட சொல்லிடுவேன். அது உங்களுக்கு முதல்லயே தெரியணும்."

சரியான கோள்மூட்டி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

"சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

"வீட்டுக்கு வீடு நடக்கறதுதான் மேடம். வாய்ப்பேச்சு முத்திப்போச்சு. தள்ளிவிட்டேன். அவ கையில லேசா அடி."

"லேசான்னா?"

"கட்டுப் போட்டிருக்கு."

"மாவுக்கட்டா?"

நான் கூஜாவைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் இப்படியே அவர் கேட்பதும் நான் மழுப்புவதுமாகப் போனது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

"ஒரு லெட்டர் வேணும் மேடம். இனி பயமில்லைன்னு."

"நீங்க வந்தீங்கன்னு எழுதலாம். பயமில்லைன்னு என்னால எழுத முடியாது. இன்னைக்குத்தானே உங்களைப் பார்க்கறேன்."

"எத்தனை தடவை வந்தா எழுதுவீங்க?"

"எத்தனை தடவை வந்தாலும் அப்படி எழுதமாட்டேன். அது நான் சொல்ற விஷயம் இல்ல. அவங்களுக்குத் தோணணும்."

தலைக்குள் ஏதோ அறுந்தது. கூஜாவை எடுத்துச் சுவரில் வீசினேன். அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போய் வெடித்தது. மேஜையை எட்டி உதைத்தேன், அது அவர் முழங்காலில் போய் இடித்தது. அந்த அம்மாவின் ஏழு தலைமுறையையும் இழுத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். கதவு திறந்து வரவேற்புப் பெண் நின்றாள், முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"கதவைத் திறந்தே வை. நீ அங்கயே நில்லு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார் அந்த அம்மா. "இங்க கோபப்படலாம். எதையும் வீசக்கூடாது. இன்னொரு தடவை கை ஓங்கினா போலீஸ்தான்."

குரல் நடுங்கியது. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வலது கையை இடது கையால் பிடித்து மார்போடு சேர்த்து வைத்திருந்தார். கண்ணாடி கிழித்து, மணிக்கட்டிலிருந்து ரத்தம் முழங்கை வரை ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியேதான் என் மனைவியும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதே வலது கை.

உட்கார்ந்துவிட்டேன். வரவேற்புப் பெண் துணி கொண்டுவந்து அவர் கையில் சுற்றினாள்.

"நான் தள்ளிவிடல மேடம்" என்றேன். "அவ அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினா. கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு செருப்பு மாட்டினா. நான் கதவைச் சாத்தினேன். கை நடுவுல இருக்குன்னு தெரிஞ்சேதான் சாத்தினேன். சாத்திட்டுத் தோளைக் குடுத்து அழுத்திக்கிட்டு நின்னேன். எலும்பு ஒடிஞ்ச சத்தம் கேட்டுச்சு. அவ கத்தல. 'கதவைத் திறங்க, என் கை'ன்னு மெதுவாச் சொன்னா. நான் திறக்கல. மறுபடி சொன்னா. மூணாவது தடவை சொன்னப்புறம்தான் திறந்தேன்."

கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் தண்ணீர் என் செருப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"இங்கேருந்து எங்க போறீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு வீட்டுக்கு என்று ஒரு பொய் சொன்னால் போதும். அவர் நம்புவாரோ மாட்டாரோ, என்னைப் பிடித்துவைக்க அங்கே யாரும் இல்லை. கையெழுத்துப் போட்ட தாள் அவர் மடியில் கிடந்தது. உண்மையைச் சொன்னால் இவர் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் என் மனைவி ஜென்மத்துக்கும் திரும்ப மாட்டாள். எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பையைத் திறந்து சுத்தியலை எடுத்தேன். வரவேற்புப் பெண் ஐயோ என்று அலறினாள். அதைத் தரையில் வைத்து, காலால் அவர்கள் பக்கம் தள்ளிவிட்டேன்.

"மச்சான் வீட்டுக்கு" என்றேன். "பன்னிரண்டரைக்கு அவன் வருவான். அவ தனியா இருக்கா. குறுக்க வந்தா அவளையும் அடிச்சிருப்பேன் மேடம். சத்தியமா அடிச்சிருப்பேன். வெளிய போனா இப்பவும் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல."

"இதை நான் அவங்ககிட்ட சொல்லணும். போலீசுக்கும் சொல்லணும்."

"சொல்லுங்க."

வரவேற்புப் பெண் நின்ற இடத்திலிருந்தே போலீசுக்குப் போன் செய்தாள். என் மனைவியின் எண்ணை நானே சொன்னேன். ஒரு கையில் துணி சுற்றியிருந்ததால் அவர் போனை நாற்காலிக் கையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன். யாரு என்றாள். அந்த அம்மா தான் யார் என்று சொல்லி, மற்றதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

"என் எதிர்லதான். நீங்க அண்ணனுக்கு உடனே போன் பண்ணுங்க. போலீஸ் வர்ற வரைக்கும் யாருக்கும் கதவைத் திறக்காதீங்க."

"முன்கதவு பூட்டிருக்கு. பின்கதவுலயும் தாழ்ப்பாள் போட்டிருக்கேன்."

அந்தப் பின்கதவும் தாழ்ப்பாளும் என் கைவேலை. மச்சானுக்குத்தானே என்று ஏனோதானோவென்று செய்து கொடுத்தது.

"அது நிக்காது" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். "அதுல ரெண்டு பொட்டு வெல்டிங்தான் வெச்சிருக்கேன். நான் வந்தா ஒரு அடிக்குக் கழண்டுடும். அதை நம்பாதே. சாப்பாட்டு மேஜையை இழுத்து முட்டுக் குடு!"

அவள் போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மேஜைக்கால் தரையில் உரசுகிற சத்தம். கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. மறுபடி கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. அவளால் ஒரு கையால்தான் இழுக்க முடியும்.