கிணி மாம் ரசித்துப் பார்த்தவை

தாமோதர கிணி ரசித்துப் பார்த்த எதுவும் மறுவருடம் எங்கள் கடற்கரையில் இருந்ததில்லை. முதலில் போனது ஹொளெகோடிக் கழிமுகத்துச் சவுக்கு மரத்தின் உச்சியில் கூடு கட்டியிருந்த கடற்கழுகு ஜோடி. ஒரு மத்தியானம் முழுக்கக் கிணி அண்ணாந்து நின்று அவற்றைப் பார்த்தார். ஆண் கழுகு கடற்பாம்பு ஒன்றைக் காலில் இடுக்கிக்கொண்டு வந்து பெட்டையிடம் கொடுத்தபோது கைகூடத் தட்டினார். அடுத்த மழையில் மரம் விழுந்தது. அலை அரித்த மண்ணில் நின்ற மரம் விழத்தானே செய்யும் என்றார்கள். அதற்கடுத்த வருடம் ஆனெகல் பாறையில் மட்டிகள் இல்லை; வெளியூர் ஆட்கள் வந்து குஞ்சு குளுவான் விடாமல் சுரண்டிப் போயிருந்தார்கள். பிறகு குளிர்காலத்தில் வரும் உள்ளான் குருவிகள். அவை கூட்டமாக ஓடி இரை பொறுக்கிய ஈரமணலின் மேல் கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பிவிட்டார்கள், அவை வந்து இறங்க இடமில்லாமல் திரும்பிப் போயின. எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காரணம் இருந்தது. ஒரு காரணத்திலும் கிணியின் கை இல்லை. வரிசை மட்டும் ஒருநாளும் மாறவில்லை: முதலில் கிணி பார்ப்பார், பிறகு காரணம் வந்து சேரும்.

அவர் குந்தாபுரத்துக்கு வடக்கே எங்கள் ஊர் பஸ் நிலையத்தை ஒட்டி மருந்துக்கடை வைத்திருந்தார்; ஊரார் வாயில் அவர் ‘மாம்’, அதாவது மாமா. வாரம் முழுக்கத் தலைவலி மாத்திரையும் இருமல் மருந்தும் விற்றுவிட்டு, ஞாயிறு விடிந்ததும் எந்த பஸ் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறிவிடுவார். கோயிலுக்கும் இல்லை, உறவுக்காரர் வீட்டுக்கும் இல்லை. மனைவி பிரபாவதி பொரித்துக் கொடுத்த வாழைப்பழ பன்கள் பையில் இருக்கும், கக்கத்தில் குடை இருக்கும். ஜன்னல் வழியே உப்புக்காற்று முகத்தில் அடிக்கும் ஊரில் இறங்கி நடப்பார். பறவைகளின் பெயர் அவருக்குத் தெரியாது; கேட்டதும் இல்லை. நின்று பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வையை ஒருமுறை கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். கரையில் ஒதுங்கிய சொறிமீனைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பக்கத்தில் நிற்பவனுக்கும் அப்போதுதான் அது கண்ணாடிபோல் இருப்பது தெரியவரும். இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்பும்போது கண்களில் ஒன்றும் மிச்சமிருக்காது. பிரபாவதி சாப்பாட்டை வைத்துவிட்டு “இங்க பாருங்க” என்பாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே “சொல்லு” என்பார். கெட்ட புருஷன் என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகை வாங்கிவருவார், பிள்ளை இல்லாததைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கமாட்டார். பார்க்கமாட்டார், அதுதான் குறை.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவன் திம்மப்ப கார்வி. மழை ஓய்ந்து கடல் திறந்த சமயத்தில் அவன்தான் கிணியைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு போய் ஓங்கில் என்கிற டால்பின்களைக் காட்டினான். தாயும் குட்டிகளுமாகப் படகைச் சுற்றித் துள்ளியதைப் பார்த்துக் கிணி அழுதுவிட்டாராம். அந்தப் பருவம் முடிவதற்குள், ராத்திரியில் விளக்குப் போட்டு மீன் பிடிக்கும் பெரிய படகுகள் வந்தன. மத்திமீன் போனது, மத்தியைத் தின்ற ஓங்கில்களும் போயின. திம்மப்பா நேரே கடைக்கு வந்தான். மருந்து வாங்க நின்றவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

“மாம், கோவிச்சுக்காதீங்க. கழுகைப் பார்த்தீங்க, போச்சு. மட்டியைப் பார்த்தீங்க, போச்சு. இப்ப ஓங்கிலும் போச்சு. ஊர்ல மிச்சம் இருக்கறது என் மாமியார்தான்.”

“அந்தம்மாவை நான் எதுக்குடா பார்க்கணும்?”

“அதைத்தான் சொல்றேன். ஒருதடவை வந்து பாருங்க, புண்ணியமாப் போகும்.”

எல்லோரும் சிரித்தார்கள், கிணியும் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு திம்மப்பா கல்லாவின் மேல் குனிந்து, “நெசமாவே சொல்றேன் மாம். கோடிப் பக்கம் மட்டும் வராதீங்க. என் வீடு அங்கதான் இருக்கு” என்றான்.

கோடி என்பது ஆறும் கடலும் சேரும் இடத்தில் நாக்குபோல் நீண்டிருந்த மணல்திட்டு. அதன்மேல் கார்வி மீனவர்களின் வீடுகள் ஒரு வரிசையாக இருந்தன. போகாமலிருக்கத்தான் கிணியும் பார்த்தார். சில வாரம் உள்நாட்டுப் பக்கம் பஸ் ஏறிப் பாக்குத்தோப்புகளில் சுற்றினார். அங்கே அவருக்கு மூச்சு முட்டியது. கடைசியில் ஒரு ஞாயிறு, தலையைத் தூக்குவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டு கோடிக்குப் போனார். தீர்மானத்தைக் காப்பாற்றவும் செய்தார். கடலைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்க்கவில்லை, காலடியை மட்டும் பார்த்து நடந்தார். காலடியில், வற்றிய ஈரத்தில், கடுகளவு நண்டுகள் மணலை உருட்டி உருட்டி வைத்திருந்தன. ஒவ்வொரு வளையைச் சுற்றியும் கோலப்புள்ளிபோல் உருண்டைகள். கிணி குடையைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டார்.

ஆடி மழையில் கோடி கடலுக்குள் போனது. தெற்கே கட்டிய அலைத்தடுப்புச் சுவர் நீரோட்டத்தைத் திருப்பிவிட்டதாகப் பிறகு படித்தவர்கள் விளக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. திம்மப்பாவின் வீடு முதலில் அடுக்களையையும், மறுநாள் கூடத்தையும், அதற்கடுத்த நாள் மாடத்தோடு சேர்ந்த துளசியையும் கடலுக்குக் கொடுத்தது. அவர்களுக்கு நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம், அலைச்சத்தம் எட்டாத இடத்தில் தகர வீடு கிடைத்தது. திம்மப்பா கடைக்கு வந்தபோது கிணி அடி வாங்கத் தயாராகத்தான் எழுந்து நின்றார். அவன் அடிக்கவில்லை. மாமியாருக்கு மூட்டுவலித் தைலம் கேட்டான். வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது திரும்பாமலே, “நண்டு உருண்டையைப் பார்த்தீங்களாமே” என்றான்.

அதன் பிறகு ஊரே அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதும், உபயோகப்படுத்த ஒரு வழி தேடியது. ஆற்றங்கரையில் மீன்தூள் ஆலை ஒன்று இருந்தது. அதன் நாற்றத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிக்காமலே எழுந்து போனதுண்டு. பஞ்சாயத்துக்காரர்கள் கிணியை ஒரு சாயங்காலம் நாற்காலி போட்டு அதன் எதிரில் உட்கார வைத்தார்கள். “மாம், நல்லா ரசிச்சுப் பாருங்க. அவசரமே இல்லை” என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். கிணி உண்மையாகவே முயன்றார். சாய்ந்த வெயில் புகைமேல் பட்டு அது ரோஜாநிறமாகத் திரும்பியபோது அவர் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. கூட்டம் மூச்சை அடக்கியது. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்ப, குடித்த இளநீரெல்லாம் வாந்தியாக வந்தது. மறுவருடம் ஆலைக்கு இன்னொரு புகைபோக்கி கட்டினார்கள்.

கிணி கடையை விற்றார். வெளியே போவதில்லை. ஏனென்றால் பார்வைக்கும் இழப்புக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் ஒரு வருடம். பிறகு ஒரு மழைக்காலம். வேலியோரத்து மணலில் பூத்திருந்த அடும்புக்கொடியைத் தெரியாமல் பார்த்துவிட்டார், மறுநாள் விடிந்தபோது கொடி இருந்த இடத்தில் வெறும் மணல். மாடு தின்றதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அன்றிலிருந்து கடல் பக்கத்து ஜன்னலை அடைத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பிரபாவதி ஒருநாள் அந்த அறைக்கு வந்து நின்றாள். பல நாள் மனதில் வைத்திருந்ததை அன்று கேட்டாள்.

“ஒண்ணு சொல்லுங்க. நீங்க ரசிச்சது எல்லாம் போயிடுது. அப்படித்தானே?”

“அப்படித்தான் போலிருக்கு.”

“நான் இருக்கேனே.”

கிணி புரியாமல் நிமிர்ந்தார்.

“கல்யாணம் ஆகி இத்தனை வருஷம், குத்துக்கல்லாட்டம் இந்த வீட்டுல இருக்கேனே! ஒரு அடும்புப் பூ அளவுக்குக்கூட என்னைப் பார்க்கலைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. தண்ணி எடுக்கப் போனா பொம்பளைங்க என்னைப் பாவமாப் பார்க்கறாங்க.”

அவருக்குப் பொய் சொல்ல வழியில்லை, அவள் கண்ணெதிரே நின்றிருந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அடுக்களையில் பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தவருக்குக் காது மட்டும்தான் வேலை. அப்படித்தான் அவர் பிரபாவதியைத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தார். தேங்காய் துருவும்போது அவள் தனக்குத்தானே பேசிக்கொள்வது, கேலி செய்துவிட்டுத் தானே முதலில் சிரிப்பது, பால்காரனிடம் கணக்குக் கேட்பதுபோல் மிரட்டிவிட்டு அவன் மகளுக்கு வெல்லம் கொடுத்தனுப்புவது. மழைக்காலம் வந்து அவள் சேப்பங்கிழங்கு இலையில் பத்ரொடெ சுற்றி ஆவியில் வைத்த ஒருநாள், அந்த வாசனையில் அவருக்குத் திடீரென்று வந்தது பயம். இனி இவளைப் பார்க்கக்கூடாது என்று புரிந்தது. அன்றிலிருந்து அவள் வரும் சத்தம் கேட்டால் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்மேல் போட்டுக்கொண்டார். பிரபாவதி முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, அடுக்களைக்குப் போய், சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று பக்கத்து வீட்டாருக்கே தெரியவில்லை. அடுத்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே தலையில் பூ வைத்துக்கொண்டாள். அப்படிச் சில வருடங்கள் நன்றாகவே போயின. நன்றாக இருந்தது என்று எங்கள் ஊரில் சொல்லத்தக்கது அந்த ஒன்றுதான்.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மணிப்பால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திருப்பிக் கொண்டுவந்தார்கள். வலிக்கு ஊசி போட்டார்கள். கொஞ்ச நாளில் வலிக்கு ஊசியும் பழகிவிட்டது. அவள் கத்துவது நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம் தகர வீடுவரை கேட்டது என்று திம்மப்பா சொன்னான். அவன் தினமும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போவான். ஒரு பிற்பகல் அவன் தூணோரம் நின்றிருக்கும்போதே, வலிக்கும் வலிக்கும் நடுவே கிடைத்த ஓய்வில் அவள் கூப்பிட்டாள்.

“இங்க பாருங்க.”

“சொல்லு” என்றார் கிணி, துண்டுக்குள்ளிருந்து.

“சொல்றதுக்கு இல்ல. பாருங்கன்னு சொல்றேன்.”

“முடியாது பிரபா.”

“கழுகைப் பார்த்தீங்க. கண்ட நண்டையெல்லாம் முட்டிபோட்டுப் பார்த்தீங்க. எனக்கு ஒரு தடவை கிடையாதா?”

“நீ போயிடுவே.”

“இருந்து என்ன பண்றேன்? கத்திட்டுக் கிடக்கேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “போறதுன்னா இப்படிப் போறேனே. ஊர்ப் பொம்பளைங்களுக்கும் தெரியட்டும்.”

திம்மப்பா அடைத்த ஜன்னலைத் திறந்தான். யாரும் சொல்லாமல் அவன் செய்த காரியம் அது. பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினான். கிணி துண்டை எடுத்தபோது முதலில் வெளிச்சம் கூசியிருக்க வேண்டும். என்ன பார்த்தார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. எலும்பாகிப்போன முகம், சீப்போடு வந்துவிட்ட முடி, பச்சைக்கல் மூக்குத்தி, அவ்வளவுதான் அங்கே பார்க்க இருந்தது. இருட்டும்வரை பார்த்தார். உள்ளே கத்தல் இல்லை. ஒருமுறை அவள் வெட்கப்பட்டு, “போதும், எவ்வளவு நேரம்!” என்று சொல்வதும், அவர் “சும்மா இரு” என்பதும் வெளியே உட்கார்ந்திருந்த திம்மப்பாவுக்குக் கேட்டது.

காலையில் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பில் படுத்த சுருக்கம் இருந்தது, தலையணையில் மூக்குத்தி இருந்தது. எல்லாவற்றுக்கும் வந்த காரணம் இதற்கு மட்டும் வரவில்லை. யாரும் தேடவும் இல்லை. உடல் இல்லாததால் புரோகிதர் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கச் சொன்னார். அவருக்கும் ஊர் விஷயம் தெரியும். ஒரு கேள்வி கேட்கவில்லை. தண்ணீர் எடுக்கும் இடத்தில் பெண்கள் அன்று குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டார்கள். அவர்களில் சிலர் வீட்டுக்குப் போய்த் தங்கள் கணவன்மாரோடு பல நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை என்றும் சொல்வார்கள்.

கிணி சாகவில்லை. கொஞ்ச காலம் சாப்பிடாமல் பார்த்தார், பசி விடவில்லை. பிறகு ஒரு ஞாயிறு பஸ் நிலையத்துக்கு வந்து முதல் பஸ்ஸில் ஏறினார். எங்கும் இறங்குவதில்லை, பைந்தூர்வரை போய் அதே பஸ்ஸில் திரும்புவார். இன்றும் அப்படித்தான். அவர் ஏறியதும் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்கு முன்னால் கடல் பக்கத்துத் தார்ப்பாய்த் திரைகளை இறக்கிவிடுவார். கைக்கு எட்டாததைப் பயணிகளே இறக்குவார்கள். கரையில் பார்க்க இப்போது பெரிதாக ஒன்றுமில்லை, கருங்கல்லும் பிளாஸ்டிக்கும்தான், இருந்தாலும் இறக்கிவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் வெயிலுக்காக என்று நினைத்துக்கொள்வார்கள். மரவந்தெயில் சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. அங்கே இரண்டு பக்கமும் இறக்கியாக வேண்டும். அந்தத் தூரம் முழுக்க பஸ் பட்டப்பகலில் இருட்டாக ஓடும், யாராவது ஒருவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் மீன் விலை கேட்டுக்கொண்டிருப்பார்.