படித் திருப்பம்

மூங்கிலை மூன்றாவது தடவையாகச் சாய்த்துப் பார்த்தான் உமேஷ். நுனி சுவரில் இடித்தது, அடி கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. நீலசந்திரா பகுதியில் இருந்த அந்தக் கட்டடத்தில் படி இரண்டரை அடிதான் அகலம். ஆறடி மூங்கில் திரும்பாத இடத்தில், படுத்திருக்கும் மனிதரும் திரும்பமாட்டார். குளிர்பெட்டி கீழே தெருவில் வந்து நின்றுவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு இறந்துபோன அப்பா பெருமாள்சாமி மூன்றாம் மாடியில் பாயில் கிடந்தார்.

"பாயில சுருட்டி, நிக்க வச்சு இறக்கிடலாம்டா," என்றார் சித்தப்பா கோவிந்தராஜன்.

"சாமான் மாதிரியா?"

"பின்ன, ஹெலிகாப்டரா வரும்? நீ கைய வைக்காத. உன் காலு மடங்கினா அண்ணனோட நீயும் உருளுவ. அப்புறம் ரெண்டு பெட்டி சொல்லணும்."

சித்தப்பா சொன்னதில் தவறில்லை. பதினெட்டு வருஷம் ஆட்டோ ஓட்டிய இடுப்பு. முதுகெலும்பின் அடியில், எலும்புக்கு எலும்பு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு ஒன்று பின்பக்கம் பிதுங்கியிருந்தது. குனிந்தால் இன்னும் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும். வாசலில் பொத்தானை அழுத்தினால் வீட்டுக்குள் மணி அடிப்பதுபோல, அழுத்துவது இடுப்பில், எரிவது இடது கால் கட்டைவிரலில்.

அதனால் கடைசி இரண்டு மாதமும் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தது மனைவி மமதாதான். உமேஷ் பக்கத்தில் தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்று ஒரு தடவையாவது தூக்க வேண்டும். நாளைக்குத் தூக்க அப்பா இருக்கமாட்டார்.

"ரீ, இங்க வாங்க," என்று கன்னட வழக்கில் கணவனைக் கூப்பிட்டாள் மமதா. "மாமா முட்டி இன்னும் மடங்குது."

விறைப்பு முதலில் தாடையில் பிடித்து, மெல்லக் கீழே இறங்கும். மணி எட்டு. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கால் மடங்காது. உமேஷ் அந்த முட்டியையே பார்த்தான். மடங்கினால் உட்காரலாம். உட்கார்ந்த மனிதருக்கு ஆறடி இடம் வேண்டாம்.

"உக்கார வச்சே கூட்டிட்டுப் போலாம், சித்தப்பா."

"நாற்காலியக் குனிஞ்சுதானே புடிக்கணும்? அத யாரு, நீயா?"

உமேஷுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிப் பெண் ஒரு குடத்தை வைத்துக் காட்டியிருந்தாள். கையை நீட்டித் தூக்கினால் இடுப்புக்கு அது நாலைந்து குடம், நெஞ்சோடு அணைத்தால் ஒரே குடம். போன மாதம் எதிர்வீட்டுக்கு ஃபிரிட்ஜ் ஏற்றிய ஆட்கள் இதே படியில் குனியவே இல்லை. பட்டையைத் தோளில் மாட்டியிருந்தார்கள்.

"மமதா, அப்பா வேட்டி ஒண்ணு குடு. எட்டு முழம்."

சித்தப்பா உள்ளே போய் மர நாற்காலியை எடுத்து வந்தார்.

அதில் அப்பாவை உட்கார வைத்து, மார்போடு துண்டு கட்டினார்கள். மமதா வேட்டியை நீளவாக்கில் மடித்து இருக்கைக்கு அடியில் கொடுத்தாள். இரண்டு முனைகளையும் பின்னால் நின்ற உமேஷின் தோள்மேல் ஏற்றி, முதுகில் குறுக்காகப் போட்டு, கக்கத்துக்கடியில் இழுத்து, நெஞ்சில் முடிந்தாள். கீழ்ப்படியில் சித்தப்பாவும் பக்கத்து வீட்டு ரகுராமும் நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தார்கள்.

உமேஷ் முதுகை வளைக்காமல் முட்டியை மட்டும் மடக்கி எழுந்தான். வேட்டி விறைத்தது. அப்பாவின் தலை பின்னால் சாய்ந்து அவன் நெஞ்சில் நின்றது.

"கனக்குதாடா?" என்றார் சித்தப்பா. குரலில் கேலி இல்லை.

"தோள்ல மட்டும்."

முதல் திருப்பத்தில் நாற்காலி சுவரைத் தொடாமல் திரும்பியது. பாரம் தோளில், முதுகு நேராக, இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். உமேஷ் இடது காலை அடுத்த படியில் வைத்தான்.