ஜெயராஜின் மல்டிகாஸ்ட்

ஜெயராஜுக்கு மல்டிகாஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாததை இவ்வளவு தைரியமாக விற்கிற இன்னொரு மனிதரைத் தஸ்லீமா பார்த்ததில்லை. அவர் அவளுடைய மேலாளர். அட்டையில் 'முதன்மை நெட்வொர்க் ஆலோசகர்' என்று போட்டிருந்தது. கேபிள் சொருகத் தெரிந்தவரெல்லாம் ஆலோசகர்.

வாடிக்கையாளர் அமுதவள்ளி டீச்சர். பிரிக்பீல்ட்ஸில் அவர் எடுக்கும் எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வுக் கணக்கு வகுப்பு, கிள்ளான், செந்தூல், செராஸ், தெலுக் பங்லிமா காராங் என்று அவருடைய நான்கு டியூஷன் கிளைகளிலும் நேரலையாகத் தெரிய வேண்டும். கிளைகளை இணைக்கும் விபிஎன் என்ற தனி இணைப்பு, ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாங்கியது.

"ஆன் பண்ணா ஓடும்லா டீச்சர்" என்றார் ஜெயராஜ்.

அலுவலகத்தில் ஒத்திகை நடந்தது. ஒரே நெட்வொர்க் சுவிட்சில் ஒரு லேப்டாப், இரண்டு டிவி. படம் வந்தது. ஜெயராஜ் எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினார். தஸ்லீமா சிரிப்பை அடக்கிக்கொண்டு குடித்தாள். ஒரே அறைக்குள் கூப்பிட்டால் யாருக்குத்தான் கேட்காது?

கிள்ளானுக்குப் போவது வேறு சங்கதி. மல்டிகாஸ்டில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரே ஒரு படம்தான் கிளம்பும். பாதை பிரிகிற இடத்தில்தான் நகல் எடுக்கப்படும். நடுவில் இருக்கும் நிறுவனத்தின் ரவுட்டர்களுக்கு டீச்சரின் வகுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தப் படத்தைத் தங்கள் உறைக்குள் போட்டு, தங்கள் பாதையில் பிரித்தனுப்பி, மறுமுனையில் உறையை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். அந்த வசதியை நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் படம் வாசலிலேயே கீழே போடப்படும்.

ஜெயராஜ் 'வேண்டாம்' என்று டிக் போட்டிருந்தார்.

விண்ணப்பத்தின் நகல் தஸ்லீமாவின் மின்னஞ்சலுக்கும் வந்தது. பார்த்தாள், மூடிவிட்டாள். டீச்சர் முன்னால் மனிதரின் குட்டு உடையட்டும். இந்த வேலை தன் பெயருக்கு வரட்டும். இரண்டு வருடமாக அவர் சொதப்பியதையெல்லாம் துடைத்தவளுக்கு அது பேராசையாகப் படவில்லை.

சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் வகுப்பு ஆரம்பித்தது. நான்கு கிளைகளிலும் டிவி கறுப்பு என்று போன் வந்தது. ஜெயராஜ் ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டார். பிறகு, என்ன நினைத்தாரோ, எச்டிஎம்ஐ கேபிளைத் துடைத்தார்.

தஸ்லீமா முன்னால் வந்து, ஒத்திகை ஏன் ஓடியது, இது ஏன் ஓடவில்லை என்று அழகாக விளக்கினாள். டீச்சர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அப்போ ஃபார்ம்ல கேக்கல. அதனால அவங்க கம்பெனி வாசல்லயே நின்னுடுது."

"கரெக்ட் டீச்சர்."

"இப்பக் கேட்டா?"

"மூணு வேலை நாள் ஆகும்."

"திங்கக்கிழமை பிள்ளைங்களுக்கு ட்ரையல் பரீட்சை. இந்த ஃபார்மை நீ எப்போ பாத்தே?"

"மூணு வாரம் முன்னாடியே பாத்துட்டேன்" என்றாள் தஸ்லீமா. பெருமையாகத்தான் சொன்னாள்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "தெலுக் பங்லிமா காராங்ல முப்பது பிள்ளைங்க வெறும் டிவியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. அவர் தெரியாம செஞ்சாரு. நீ தெரிஞ்சுக்கிட்டே வேடிக்கை பாத்திருக்கே."

ஜெயராஜ் பக்கம் திரும்பினார். "சார், ஃபார்மைத் திருத்தி அனுப்புங்க. இனிமே நீங்க வந்தா போதும்."

ஜெயராஜ் தலையாட்டினார். டீச்சர் கிளைகளுக்குப் போன் போடப் போனதும், தஸ்லீமாவின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"எந்தக் கட்டத்துலம்மா டிக் பண்ணணும்?"

அவள் சொல்லிக்கொடுத்தாள்.