வாசலில் சொன்ன பெயர்

என் மகள் பாங் பேச்சை நிறுத்தி ஒரு மாதம் இருக்கும். ஐந்து வயதுப் பெண். மழலையர் பள்ளியில் சேர்க்கும்வரை பன்றிக்குட்டியோடுகூட வாயாடிக்கொண்டிருந்தவள். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. சோறு வைத்தால் தின்கிறாள், படுக்கச் சொன்னால் படுக்கிறாள்.

கீழே கடைவீதியில் இருக்கும், சமவெளியிலிருந்து வந்த கின் இனத்துப் பிள்ளைகள் மூன்று வயதிலேயே அந்தப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் பேசுவதும் அங்கே பேசுவதும் அவர்களுக்கு ஒன்றுதான். எங்கள் ஹ்மோங் பிள்ளைகள் போனால் உண்டு, போகாவிட்டால் இல்லை. போகிறவர்களும் ஐந்து வயதில் மலையிறங்கிப் போய், டீச்சர் சொல்வது ஒன்றும் புரியாமல் பின்வரிசையில் உட்காருவார்கள். பிறகு, மலைப்பிள்ளைகள் மந்தம் என்பார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது அதுவும் வருவதில்லை.

படித்துக் கிழித்தது போதும், இனி நம்மோடு சோளக்காட்டுக்கு வரட்டும் என்றான் என் புருஷன் லெங். பயந்த பிள்ளையின் உயிர் பயந்த இடத்திலேயே தங்கிவிடும், பள்ளி வாசலுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று நான் மன்றாடினேன்.

"சரி. உசிரு வரலேன்னா பள்ளிக்கூடம் கிடையாது. அப்புறம் நீ மூக்கைச் சிந்தக் கூடாது" என்றான்.

போன வருஷம் டவுன் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் அவள் பாஷையில் கூப்பிட்டது என் பெயர்தான் என்று எனக்குத் தெரியவில்லை. பொழுது சாயும்வரை இருந்துவிட்டு மருந்தில்லாமல் திரும்பினேன். பாங் அப்படி உட்காரக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பள்ளி விடும் நேரத்துக்குப் போனோம். அரிசிக் கிண்ணத்தில் முட்டையை நிறுத்தி, ஊதுபத்தி கொளுத்தினேன். லெங்கின் கக்கத்தில் கோழி.

"பாங், வா தாயி, வீட்டுக்குப் போலாம். சோறு ஆறுது. உன் பன்னிக்குட்டி தேடுது."

இரண்டாகப் பிளந்த எருமைக் கொம்பை லெங் வீசினான். அது விழும் விதத்தில்தான் உயிர் சம்மதித்ததா என்று தெரியும். சரியாக விழவில்லை. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி வீசினான். பள்ளி விட்டு வந்த பாங் யாருக்கோ நடப்பதைப் போல வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட்டைப் பூட்ட வந்த ஹன் டீச்சர் எங்களைப் பார்த்துவிட்டு, "லான்" என்று கூப்பிட்டாள். பாங் பதில் சொல்லிக்கொண்டே அவளிடம் ஓடினாள். ஒரு மாதமாக நான் கேட்காத குரல்.

டீச்சர் சமவெளிப் பெண். தன் தாயைப் பார்த்தே மாதக்கணக்காகிறது, பாவம். சந்தையில் பழகிய எங்கள் பாஷையில் சொன்னாள்: "கிளாஸ்ல மூணு பாங்குங்க அக்கா. குழம்புதுன்னு இவளுக்கு லான்னு வெச்சேன். நீ பாங் இல்ல, லான்னு சொல்லிச் சொல்லித்தான் பழக்கினேன்."

நான் சண்டைக்குப் போகவில்லை. கிண்ணத்தைத் திரும்பத் தூக்கினேன்.

"லான், வா தாயி, வீட்டுக்குப் போலாம்."

கொம்பு அந்த வீச்சிலேயே சரியாக விழுந்தது. பள்ளிக்கூடம் நின்றுபோகாது. நான் ஜெயித்துவிட்டேன். ஒரு சந்தோஷமும் வரவில்லை.

கோழியை அவிக்க லெங் முன்னால் போய்விட்டான். கூப்பிட்டு வந்த உயிரோடு வீட்டுக்கு வெளியே நிற்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். உள்ளிருப்பவர் யாரென்று கேட்பார். பெயர் சொன்னால் கதவு திறக்கும். ஏற்றம் முழுக்கப் பாங், பாங் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"யாரு வந்திருக்கா?" என்று உள்ளிருந்து கேட்டான்.

பிள்ளை என் முகத்தையே பார்த்தாள்.

"லான் வந்திருக்கா" என்றேன்.

கதவு திறந்தது. அவள் ஓடிப்போய்ப் பன்றிக்குட்டியிடம் எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொன்னாள். லெங் என் பின்னால் இருந்த பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டேன்.

"இரு, பாங் வரட்டும்" என்றான்.