ஒண்டிக்கட்டையின் தனிக்குடித்தனம்

"நான் ஒரு ரூம் பாத்துட்டேன். வெள்ளிக்கிழமை அங்க போயிடறேன்" என்று கப்ஸா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சொன்னதும் முதலில் சிரித்தது அவருடைய தம்பி. அவ்வளவு சுலபமாகச் சிரிக்கிற ஆளில்லை அவர். வாயில் இருந்ததை விழுங்கி, தண்ணீர் குடித்து, "அந்த ரூமுக்கும் யானை வருமாண்ணே?" என்றார். தம்பி மகன் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல், "பெரியப்பா, ரூம் இந்த பூமியிலயா, வேற எங்கயாவதா?" என்றான். தம்பி மனைவி மடியில் யாருடைய குழந்தையோ இருந்தது. அதன் மூக்கைத் துடைத்துவிட்டபடியே, "போறதுன்னா துவைக்கப் போட்ட சட்டையையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க அத்தான்" என்று சொல்லி, அவர் கேட்காமலேயே தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். பழக்கதோஷம், கப்ஸாவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகுதான், தப்பித்த திருடனைப் போலத் தம் நெஞ்சு லேசாகியிருப்பதைக் கவனித்தார். தட்டில் மீதியை வைத்துவிட்டு எழுந்தார்.

தெருவே அவரைக் கப்ஸா என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயர் ஓய்வூதியம் கொடுக்கிற அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும். லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர். நகரத்துக்கு வெளியே, புழுதிக்கு நடுவில், ஒரு ஆள் கைகால் நீட்டினால் சுவர் தட்டுகிற கண்ணாடி அறை. லாரி மேடையில் ஏறும், முள் நிற்கும், சீட்டு எழுதுவார், லாரி இறங்கும். நாள் முழுக்க அவர் பேசுவது "ஏத்து", "இறக்கு" என்ற இரண்டு வார்த்தைதான். அந்தச் சீட்டுகளில் ஒரு கிலோ பொய் கிடையாது. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வட்டியோடு கதை அளப்பார். ஒரு யானை மேடையில் ஏறி, தன் எடையைப் பார்த்து வெட்கப்பட்டு, பாகனிடம்கூடச் சொல்லாமல் நடந்துபோனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். காலி வண்டிதான் என்று ஓட்டுநர் ஒருவர் சத்தியம் பண்ணியபோது முள் நடுங்கியதையும் பார்த்திருக்கிறார். உச்சி வெயிலில் மேகத்தின் நிழல் விழுந்த லாரி கூடுதல் எடை காட்டும் என்பதை முதலாளிக்குச் சொல்லாமல் தமக்குள்ளேயே வைத்திருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் மாறாது. சிரிக்காமல் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள்.

ஓய்வு பெற்றதும் கண்ணாடி அறை போனது. வீட்டில் தம்பி மனைவி வேலைக்குப் போகிற அம்மாக்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் கதவு தட்டத் தொடங்கினால் கூடம் நிறைந்துவிடும். ஒன்று அழும், ஒன்று கப்ஸாவின் மூக்குக்கண்ணாடியைக் கடிக்கும், ஒன்று அவர் காலைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போகும். அவருக்குக் குழந்தைகள் மேல் கோபமில்லை. யார் மேலும் கோபமில்லை. அதுதான் கஷ்டம். சாப்பாட்டில் குறையில்லை, மரியாதையில் குறையில்லை, காய்ச்சல் வந்தால் கைவைத்துப் பார்க்க ஆளிருந்தது. கல்யாணம் கட்டாத மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தம்மையே கேட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் யாரும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று மட்டும் உள்ளே ஒரு குரல் சொன்னது. கழுதை வயதில் இதென்ன ஆசை என்று அதட்டினார். குரல் அடங்கவில்லை.

அறை சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்தது. கடைக்காரர்தான் வீட்டுக்காரரும். திங்கட்கிழமை கப்ஸா சாவி வாங்கப் போனபோது, கைக்கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடும்பம்?"

"இல்லை."

"இந்த வயசுல தனியா ரூம் கேட்டு வர்றவங்க ரெண்டு வகைதான் பெரியவரே. ஒன்னு வீட்ல தொரத்திவிட்டவங்க, இல்ல, சொல்லாம ஓடி வந்தவங்க. நீங்க எதுல சேர்த்தி?"

"நான் சொல்லிட்டுத்தான் வர்றேன். யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார் கப்ஸா. வாழ்க்கையில் அவர் சொன்ன உண்மைகளில் அதுவும் ஒன்று. வீட்டுக்காரர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் பையோடு கூடத்துக்கு வந்தபோது தம்பி மனைவி ஒரு குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள். எழுந்து போய் அவர் அலமாரியைத் திறந்து பார்த்தாள். காலி அலமாரியை மூடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நெசமாவா அத்தான்?"

"சொன்னேனேம்மா."

"நான் என்ன கொற வச்சேன்?"

எந்தக் கேள்விக்கும் ஒரு யானையைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் கப்ஸா. அன்றைக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூட வரவில்லை. "ஒன்னுமில்லம்மா. சும்மாதான்."

"சும்மாதான்னு யாராவது வீட்ட விட்டுப் போவாங்களா? வீட்டுப் பெரியவருக்கு சோறு போடாம வெரட்டிட்டாளாம்னு பேச மாட்டாங்களா? இவளா நம்ம பிள்ளைய பாத்துக்குவான்னு ஒருத்தி நெனச்சா போதும், நாளைக்கு இந்தக் கூடம் காலி. எனக்குன்னு இருக்கிறது இது ஒன்னுதான்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். மாட்டிய சட்டை திருப்பி மாட்டப்பட்டிருந்ததை அப்போதுதான் பார்த்து, கழற்றி மறுபடி மாட்டத் தொடங்கினாள்.

"அந்தப் பேச்சு வராம நான் பாத்துக்கறேன்" என்று கப்ஸா வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குதான் வினையாகப் போனது.

புது அறையில் முதல் நாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். சுவர் எதுவும் கேட்கவில்லை. சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம்தான் உறுத்தியது. சுகமில்லாமல் போயிருந்தால் தண்டனை அனுபவிக்கிறோம் என்றாவது நிம்மதியாக இருந்திருக்கலாம். ஒவ்வொரு முறை காலை நீட்டி உட்காரும்போதும் தம்பி மனைவியின் சம்பாத்தியத்தின் மேல் கால் நீட்டுகிற மாதிரி இருந்தது. மடக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி நீட்டினார்.

மறுநாள் சலூனுக்குப் போனார். தெருவின் பேச்செல்லாம் அங்கேதான் வந்து முடிவெட்டிக்கொள்ளும்.

"என்ன கப்ஸாண்ணே, தனிக்குடித்தனமாமே! பொண்ணு யாரு?" என்றார் சலூன்காரர்.

"பொண்ணாவது ஒன்னாவது. சும்மா ஒரு எடமாத்தம்."

"வீட்ல ஏதும் மனஸ்தாபமா?"

"மனஸ்தாபமா? என் தம்பி பொண்டாட்டி மாதிரி இன்னொருத்திய நீ வெளக்கு வச்சுத் தேடினாலும் பாக்க முடியாது. எனக்குப் போட்டுட்டுத்தான் அவ சாப்பிடுவா. எனக்கு ஜுரம்னா அவ முழிச்சிருப்பா. ஒரு நாள் மொகம் சுளிச்சதில்ல."

அத்தனையும் சுத்தமான உண்மை. எடைச்சீட்டு மாதிரி. சலூன்காரர் கண்ணாடிக்குள் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கண்ணடித்தார். "புரியுதுண்ணே, புரியுது" என்றார் ரொம்பப் பரிவாக. சாயங்காலம் மூலைக்கடை அம்மாள், கப்ஸா கேட்காமலேயே ஒரு பன்னை எடுத்துக் கையில் திணித்து, "இத்தன நாள் அங்க எப்படித்தான் இருந்தீங்களோ, பாவம். வயித்துக்கு வஞ்சனை பண்ணாதீங்க" என்றாள். பன்னைக் கையில் வைத்துக்கொண்டு கப்ஸா நடுத்தெருவில் நின்றார்.

அறைக்கு வந்து யோசித்தார். மேடையில் லாரியைச் சரக்கோடு ஒருமுறை நிறுத்த வேண்டும், காலியாக ஒருமுறை நிறுத்த வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் கணக்கு. தெருவும் அவர் பேச்சை அப்படித்தான் நிறுக்கிறது. அவர் சொல்வதைத் தலைகீழாகப் போட்டு, கிடைப்பதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. அவர் புகழ்ந்தார், அவள் கெட்டவளானாள். அப்படியானால் வழி ஒன்றுதான். அவளைத் திட்ட வேண்டும். நன்றாக, வாய்வலிக்க, யானையை மிஞ்சுகிற மாதிரித் திட்ட வேண்டும். தெரு சிரிக்கும், அவள் பெயர் வெள்ளையாகிவிடும். தம் மூளையைத் தாமே மெச்சிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தார்.

மறுநாள் சலூனில் கூட்டம். காத்திருக்கிற பெஞ்சில் ஒரு இளம் தாய் சின்னப் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கப்ஸா அவளைச் சரியாகக் கவனிக்கவில்லை. பையன் மட்டும் இவரைப் பார்த்து, வீட்டுக் கூடத்தில் செய்வது போலவே, இவருடைய மூக்குக்கண்ணாடிக்காகக் கையை நீட்டினான்.

"நேத்து நான் சொன்னதெல்லாம் பொய்" என்று ஆரம்பித்தார் கப்ஸா. "அவ ராட்சசி. பால் சொம்புல கோடு கிழிச்சு வைப்பா. நான் கொட்டாவி விட்டா உள்ள போன காத்துக்குக் கணக்குக் கேப்பா. என் தட்டுல விழற சோத்த எண்ணிட்டுத்தான்..."

அங்கே அவருக்குக் குரல் நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்காமலேயே அவள் போட்ட கரண்டி கண்ணுக்கு முன்னால் வந்தது. "எண்ணிட்டுத்தான்... போடுவா" என்று எப்படியோ முடித்தார். அடுத்த வரி மறந்துபோனது. கண் கலங்கியது. துடைத்தார். இத்தனை வருஷத்தில் எந்தக் கதையிலும் தடுமாறாத மனிதர், இந்த ஒரு கதையை இவ்வளவு கேவலமாகச் சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை. சலூன்காரரின் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. வானொலியை யாரோ அணைத்தார்கள். பெஞ்சிலிருந்த தாய் பையனை இறுக்கி அணைத்துக்கொண்டு எழுந்து, முடிவெட்டாமலேயே வெளியே போனாள். கப்ஸாவை அந்தத் தெரு முதன்முதலாக நம்பியது.

ஓடிப்போய் வழியில் மறித்தார். "அம்மா, அது அத்தனையும் புளுகு. நான் அளக்கிற ஆளு. யார வேணா கேட்டுப் பாரும்மா!"

அவள் சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "பயப்படாதீங்க பெரியவரே. நீங்க சொன்னதா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். யாரிடமும் சொல்லாமலேயே அது தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் தம்பி மனைவி. வேலை நாள், குழந்தைகள் தூங்குகிற நேரம். அவள் அந்த நேரத்தில் வாசலைத் தாண்டி அவர் பார்த்ததில்லை. மடியில் யாரும் இல்லை, இடுப்பில் யாரும் இல்லை. அவளுடைய கைகளை வெறுமையாகப் பார்த்ததும் எல்லாம் புரிந்துபோனது.

"எத்தன பேர் நின்னுட்டாங்க?"

"இன்னிக்கு ஒரு அம்மா மட்டும்தான் கொண்டுவந்து விட்டாங்க. அந்தப் பிள்ளையும் ஜலதோஷம்னு அவங்களே திரும்ப வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க." நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு நாற்காலிதான், அதனால் அவர் நின்றார். "சொம்புல கோடு கிழிச்சேனாமே அத்தான்?"

"உன்ன காப்பாத்தத்தான்மா..."

"தெரியும். உங்க தம்பி கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டாரு. நான்தான் சொன்னேன், உங்கண்ணன் நல்லது பண்ணக் கெளம்பியிருக்காரு, அதான் இவ்ளோ சேதம்னு."

சிரிக்கச் சொன்னாளா, அழச் சொன்னாளா என்று தெரியாமல் கப்ஸா தரையைப் பார்த்தார். "நான் திரும்பி வந்துடறேன். இன்னிக்கே வந்துடறேன். என்னப் பாத்தா எல்லாரும் நம்புவாங்க."

"அடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்னு சொல்லுவாங்க."

கீழே சைக்கிள் மணி ஒன்றை யாரோ சரிபார்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு மட்டும் உண்மையச் சொல்லுங்க. ஏன் வந்தீங்க?"

அவர் சொன்னார். கதை சொல்கிறவரைப் போலச் சொல்லவில்லை, சரக்கு இறக்குகிறவரைப் போல ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். கண்ணாடி அறையைச் சொன்னார். நாளெல்லாம் பேசாமல் இருந்ததால்தான் சாயங்காலம் பேச்சு வந்தது என்றார். வீட்டில் எல்லாரும் தங்கமானவர்கள், ஆனால் எல்லாரும் எப்போதும் இருந்தார்கள் என்றார். "யாரும் இல்லாம கொஞ்சம் இருக்கணும்னு தோணிச்சு. வேற ஒரு காரணமும் இல்லம்மா. இருந்திருந்தா உன்கிட்ட சொல்லியிருப்பேன். இத எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

கேட்டு முடித்து அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், ஜன்னல், ஆணியில் ஒரு சட்டை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இங்க யாரும் கூப்பிட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"கதவ மூடினா?"

"மூடினா மூடினதுதான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல், "அத்தான், நீங்க கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்றாள்.

"உனக்கும் வாங்கிட்டு வரவா?"

"வேணாம். மெதுவாவே வாங்க."

அவர் வெளியே வந்ததும் கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் ஒரு கதவுக்குப் பின்னால் தனியாக இருந்து அவர் பார்த்ததே இல்லை என்பது, டீக்கடைப் பக்கம் திரும்பிய காலை நிறுத்தியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் இத்தனை நாள் திருட்டுத்தனமாக அனுபவித்ததை அவளுக்குக் கேட்டு வாங்கக்கூட ஒரு இடம் இருந்ததில்லை. அவரும் ஒரு ஆளாக உட்கார்ந்து அந்த வீட்டை நிரப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கீழிருந்து வீட்டுக்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட்டபடி அண்ணாந்து பார்த்தார். "என்ன பெரியவரே, படியில உக்காந்துட்டீங்க? மேல யாரு?"

கப்ஸா உதட்டின் மேல் விரலை வைத்தார். வீட்டுக்காரருக்கு என்ன புரிந்ததோ, சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். மேலே நாற்காலி ஜன்னல் பக்கமாக நகர்கிற சத்தம் ஒருமுறை கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. கப்ஸா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, படிப்பலகை முனகாதபடி, இன்னும் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தார்.